மொளகாத்தூள் ஏட்டம்மா

எண்ணூர் பக்கத்துக் குப்பங்களில் ராமசெல்வி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று ஆள் நினைவுக்கு வராது. மொளகாத்தூள் என்றால் சின்னப்பிள்ளைகூடக் கை காட்டும். ஸ்டேஷனில் தலைமைக் காவலர். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் அங்குள்ள பையன்கள். அவளுடைய அப்பா சுயம்பு திருவொற்றியூர் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருப்பது ஒரு காரணம். அவள் கை பட்ட இடம் எரிந்துகொண்டே இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

சுயம்பு உடன்குடிக்காரர். மீசை முளைக்கிற வயதில் வடசென்னைக்குக் கடைப்பையனாக வந்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். ராமசெல்வி பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடைக்கு நான்கு பேர் மாமூல் கேட்டு வந்தார்கள். சாயங்காலம் வாங்க என்றார் சுயம்பு. அதிலொருவன் தராசைக் கீழே தள்ளிவிட்டு, அவர் உள்ளங்கையில் கத்தியை வைத்து இழுத்தான். ராமசெல்வி அவருக்கு டிபன் கொடுக்க வந்தவள், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுயம்பு வேட்டி நுனியைக் கிழித்துக் கையைச் சுற்றிக்கொண்டு, மீதி நாள் முழுக்க இடது கையால் பருப்பு அளந்தார். மறுநாள் வந்த எஸ்.ஐ. கடலைமிட்டாய் தின்றுகொண்டே, சின்னப் பசங்க, பேசி முடிச்சுக்கலாம் என்றார். பேசி முடித்தார்கள். கத்தி வைத்தவனைவிட அந்தக் கடலைமிட்டாய் எஸ்.ஐ.யைத்தான் ராமசெல்வியால் மன்னிக்க முடியவில்லை.

போலீஸ் தேர்வில் பாஸாகி வந்து நின்றபோது சுயம்பு சந்தோஷப்படவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி லத்தி என்றார். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, தலைமைக் காவலர் பதவி எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் தெருமுனையில் மூன்று பையன்கள் சேர்ந்து நின்றால் அவளுக்கு இன்னும் தராசு விழுகிற சத்தம்தான் கேட்டது. கையை ஓங்கிவிட்டுத்தான் பேரைக் கேட்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விரைவுச் சாலையில் ஒரு லாரி டிரைவரின் போன் பறிபோனது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அங்கே மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். வெளியூர் டிரைவர்கள் கீழே இறங்கி ரொட்டி சுடுவார்கள், போனில் பேசுவார்கள். பறிப்பதற்குத் தோதான இடம். ராமசெல்வி ரோந்து போனாள். ஆத்துமுனைக் குப்பத்தில் வலை வைக்கிற கொட்டகைச் சுவரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனைக் கேட்டாள். அவன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். விட்டாள் ஒரு அறை. இடது காதிலிருந்து ரத்தம் வந்தது.

அவன் பெயர் ஜெரி. அந்த வருடம்தான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருந்தான். போனை எடுத்தவன் வேறு ஏரியாக்காரன் என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஜெரியின் பெயர் சந்தேகப்படும் ஆட்களில் ஒன்றாக ஸ்டேஷனில் ஏறிவிட்டது. அதை எழுதிக் கொடுத்தவளும் ராமசெல்விதான்.

ஜெரியின் அம்மா மெர்லின் காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். கையில் இறால் வாடை போகாமல் நேராக ஸ்டேஷனுக்கு வந்து நின்றாள். கத்தவில்லை.

"எம்புள்ள இன்னா பண்ணான்? அத்த மட்டும் சொல்லு, நா போய்க்கினே கீறேன்."

யாரும் சொல்லவில்லை. புகார் மாதா கோயில் பாதிரியார் வழியாக மேலே போனது. இன்ஸ்பெக்டர் மஜீது தன்னால் முடிந்த அளவுக்குப் பேசிப் பார்த்தார். கடைசியில், ராமசெல்வி சமூகக் காவல் பயிற்சிக்குப் போக வேண்டும், திரும்பி வந்ததும் அந்த ஏரியாவில் பிள்ளைகளுக்குப் போலீஸ் நடத்துகிற விளையாட்டு மன்றமான காவல் சிறார் மன்றத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. தண்டனை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பயிற்சி ஒரு வாரம். நடத்தியவள் சைமா, போலீஸ்காரி அல்ல. கால்பந்துக் கோச்சாக இருந்து சிறார் நல வேலைக்கு வந்தவள். ஏரியாவில் ஒவ்வொரு பையன் பேரும் போலீஸுக்குத் தெரியும், ஆனால் கேஸ் வழியாகத்தான் தெரியும், வேறு ஏதாவது ஒரு வழியாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டு அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான் என்றாள். பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கினார்கள். ராமசெல்வி தூங்கவில்லை, நம்பவுமில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எல்லோரையும் சாதாரண உடுப்பில் வரச் சொல்லி, அடையாள அட்டையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்துச் சந்துகளில் தனித்தனியாக நடக்கவிட்டார்கள். வேறு மாவட்டத்திலிருந்து வந்த காவலர்கள் அங்கே நின்றார்கள். ஆள் யாரென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. சந்தேகமிருந்தால் சோதனை போடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ராமசெல்வியை நிறுத்தியவள் அவள் மகள் மாதிரி இருந்த ஒரு சின்னப் பெண். வா இங்க என்றாள். கையைத் தூக்கு என்றாள். பையைக் கவிழ்த்துச் சீப்பு, மாத்திரை, சாவி எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். சந்தில் போன ஒருவர் நின்று பார்த்தார். நான் யார் தெரியுமா என்று சொல்லக்கூடாது என்பது விதி. இந்த வேளையில எங்க போய்ட்டு வர்றே என்ற அடுத்த கேள்விக்கு அவளால் உடனே வாயைத் திறக்க முடியவில்லை.

என்ன, பதில் வரல, திருட்டு முழியா முழிக்கிற என்றாள் அந்தப் பெண்.

திரும்பி வந்ததும் ராமசெல்வி இதைச் சைமாவிடம் சொன்னாள். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் கையை ஓங்கியிருப்பேன் என்றாள். ஓங்கியிருந்தால் உங்கள் மேல் என்ன கேஸ் போட்டிருப்பார்கள் என்று சைமா கேட்க, வகுப்பே சிரித்தது. ராமசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வலை கொட்டகைச் சுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மன்றத்துக்குக் கிடைத்த இடம் ஆத்துமுனைக் குப்பத்தின் பழைய ஐஸ் குடோனும், அதன் பின்னால் முகத்துவாரம் வரை போகிற காலி நிலமும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் அந்த நிலத்தின் ஓரமாக வந்து ஆற்றைத் தாண்டிப் போகும். காற்றடித்தால் சாம்பல் பல்லில் நறநறக்கும். முதல் வாரம் பந்தும் விசிலுமாக அவள் தனியாக நின்றாள். குழந்தைகள் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரம் அப்பா கடைக் கொண்டைக்கடலையில் சுண்டல் செய்து எடுத்துப்போனாள். பொடிசுகள் வந்தன. அவர்களுக்குப் பின்னால் பெரிய பையன்கள் வந்தார்கள்.

அப்படி வந்தவன்தான் சைமன். பதினெட்டு நிரம்பவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு இருந்தான். அவன் அப்பா கடல் தொழிலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர். சைமன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு போகும், வாயில் நக்கல் ஒட்டிக்கொண்டு வரும். மொளகா மேடம் என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட்டான். முதல் தடவை மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. ராமசெல்வி சிரித்துவிட்டாள். அன்றைக்குப் பிறகுதான் அது உண்மையில் மன்றமாயிற்று. அவளையும் அறியாமல் சைமனுக்குச் சுண்டல் ஒரு கரண்டி அதிகமாக விழுந்தது.

ஜெரி ரொம்ப நாள் வரவில்லை. வந்தபோதும் நேராகக் கோல்போஸ்ட்டுக்குப் போய் நின்றுகொண்டான். நல்ல கீப்பர். அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது இடதுபக்கமிருந்து கூப்பிட்டால் அவன் உடம்பையே திருப்பிக் கேட்கிறதை அவள் பார்ப்பாள். மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் நினைத்தாள். கேட்டால் அவன் வராமல் போய்விடுவானோ என்ற பயம், அல்லது அப்படி ஒரு சாக்கு.

வருடம் திரும்பியபோது டிபார்ட்மென்ட்டிலிருந்து நீலச் சட்டைகள் வந்தன. முதுகில் மஞ்சள் எழுத்தில் சிறார் மன்றம் என்று போட்டிருந்தது. பையன்கள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கினார்கள்.

அந்தச் சட்டைதான் கேமராவில் விழுந்தது.

ஒரு நாள் வரிசையில் நின்ற லாரிக்குப் பக்கத்தில் ரகுவீர் என்கிற ஜார்க்கண்ட் டிரைவர் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் போனைப் பிடுங்கினார்கள். அவர் ஒருவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கத்தி தொடையில் இறங்கிற்று. பக்கத்து லாரிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தங்கும், காலைச் சொல்ல முடியாது என்றார்கள் டாக்டர்கள். எதிரே இருந்த லாரி யார்டின் கேமராவில் முகம் தெரியவில்லை. ஓடுகிற முதுகும் மஞ்சள் எழுத்தும் மட்டும் தெரிந்தன.

குற்றப்பிரிவு எஸ்.ஐ. தாமஸ் இளவயசுக்காரன். கெட்டவன் இல்லை. டிரைவருக்கு ரத்தம் தேவைப்பட்டபோது தன் கையை நீட்டியவன். மறுநாள் மத்தியானம் அவன் ராமசெல்வியை உட்காரவைத்து அந்தப் படத்தைக் காட்டினான். கையில் ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"சாயங்காலம் வழக்கம்போல பிராக்டிஸ் வைங்க ஏட்டம்மா. எல்லாரும் வந்ததும் விசில் ஊதுங்க. நாங்க ரோட்ல நிக்கிற லாரிக்குப் பின்னால வேன்ல இருப்போம். மொத்தமா அள்ளிட்டு வந்துட்டா, யாருன்னு தானா வெளிய வந்துரும்."

சின்னப் பிள்ளைகளெல்லாம் வருவார்களே என்றாள் அவள். விசாரித்து அனுப்பிவிடலாம் என்றான். எப்படி விசாரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அப்படி விசாரித்தவள்தான். முதலில் ஜெரியைத்தான் கேட்க வேண்டும், பழைய சந்தேக ஆள் என்றான் தாமஸ். ஜெரி செய்திருக்க மாட்டான் என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க? அவன் பேர எழுதிக் கொடுத்ததே நீங்கதானே."

ராமசெல்வி எழுந்து வெளியே வந்தாள். மஜீதுக்குப் போன் போட்டாள். தாமஸ் சொல்றதச் செய்ம்மா என்றார் அவர். பிறகு, பசங்களுக்கு அடிபடாமப் பார்த்துக்க என்று சேர்த்துச் சொன்னார். இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

நிலத்துக்கு நடந்து போகையில் விசில் அவள் கையிலேயே இருந்தது. விசில் ஊதினால் இந்த ஏரியாவில் இனி எந்தப் பிள்ளையும் போலீஸ் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காது. ஊதாவிட்டால், குத்தினவன் தப்பிப் போய்விட்டால், ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்த மனுஷனுக்குத் தான் யார்? கடலைமிட்டாய் தின்றுகொண்டு பேசி முடிக்கச் சொன்ன எஸ்.ஐ.யின் முகம் கண்ணுக்கு முன் வந்து நின்றது. அந்த முகமாகத் தானே ஆகிவிடுவோமோ என்கிற பயம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள். பொடிசுகள் பந்தை உதைக்க ஆரம்பித்திருந்தன. ஜெரி கோல்போஸ்ட்டில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான், நீலச் சட்டையில். சைமன் கடைசியாக வந்தான். பழைய பனியன் போட்டிருந்தான். சட்டை எங்கடா என்று ஒருவன் கேட்க, தோச்சுப் போட்டுக்கீது என்றான். நக்கல் எதுவும் அடிக்கவில்லை. சுண்டல் பாத்திரத்துப் பக்கம் வரவில்லை.

ராமசெல்விக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இவனா, இவன்தானா என்று மனசு திரும்பத் திரும்பக் கேட்டது. வரிசையாக நிற்கிற லாரிகளுக்குப் பின்னால் வேனின் மூக்கு தெரிந்தது. வாயில் வைத்த விசிலை எடுத்தாள்.

எல்லோரையும் கோலுக்கு முன்னால் வந்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார்கள். சைமன் ஓரமாக நின்றான்.

"அந்த லாரிக்குப் பின்னால போலீஸ் வேன் நிக்குது. நான் விசில் ஊதினா வந்து உங்க எல்லாரையும் அள்ளிட்டுப் போவாங்க. இதச் சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. சொல்றேன்."

ஒரு சின்னப் பையன் அழத் தயாரானான்.

"நேத்து ஒரு டிரைவரைக் குத்தியிருக்கான் ஒருத்தன். உங்க சட்டையப் போட்டுக்கிட்டுக் குத்தியிருக்கான். அந்த மனுஷனுக்குக் கால் போனாலும் போயிரும். செஞ்சவன் என்கூட நடந்து வந்தா, மாஜிஸ்ட்ரேட் முன்னால நிக்கிறவரைக்கும் நான் கூடவே இருப்பேன். ஓடினா, அவனுக்காக இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாரும் அடி வாங்குவாங்க." பிறகு ஜெரியைப் பார்த்தாள். "மொதல்ல உன்னத்தான் பிடிப்பாங்க ஜெரி. நீ ஒண்ணும் பண்ணாதவன். உன் பேரு ஸ்டேஷன்ல இருக்கிறது என்னாலதான். உன்ன அடிச்சது தப்பு. இத்தன நாள் இதச் சொல்லாததும் தப்பு."

ஜெரி அவளைப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டிச் சைமனைப் பார்த்தான். அவனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது என்று அந்தப் பார்வையில் புரிந்தது.

சைமன் ஓடினான்.

லாரிகளுக்குப் பின்னால் கதவுகள் திறக்கிற சத்தம். பையன்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இன்னொரு நொடியில் ஆளுக்கொரு திசையில் சிதறியிருப்பார்கள். போலீஸ் துரத்தியிருக்கும். அந்த நிலத்தில் அதற்குப் பிறகு என்னென்ன நடந்திருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் ராமசெல்விக்குத் தைரியமில்லை. ஆனால் ஜெரி கோலை அடைக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து அவர்கள் முன்னால் நின்றுவிட்டான்.

"குந்துங்கடா. எவனும் ஓடாத. ஓட்னா நம்மதான் செஞ்சோம்னு ஆய்டும்."

உட்கார்ந்தார்கள். வேனிலிருந்து லத்தியோடு இறங்கி வந்தவர்கள், தரையில் சம்மணம் போட்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ராமசெல்வி அதற்குள் சைமன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அவன் சாம்பல் குழாய் மேல் ஏறி ஆற்றுக்கு நடுவே போய்விட்டான். தாமஸ் இதை எதிர்பார்த்து அக்கரையில் ஆள் நிறுத்தியிருந்தான். அந்தப் பக்கம் இரண்டு காக்கிகள் ஏறினார்கள். சைமன் நின்றான். இந்தப் பக்கம் திரும்பினான். கையில் கத்தி இருந்தது. ஆறு வற்றிக் கிடந்த நேரம். கீழே தண்ணீர் இல்லை, சாம்பல் கலந்த சேறு. குதித்தால் நீந்த முடியாது. இடுப்பு வரை இழுத்து வைத்துக்கொள்ளும். குப்பத்தில் பிறந்தவனுக்கு அது தெரியும். தெரிந்தேதான் விளிம்புக்கு வந்து நின்றான்.

ராமசெல்வி ஷூவைக் கழற்றிவிட்டுக் குழாய் மேல் ஏறினாள். அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. நான்கு எட்டு வைத்ததும் தலை சுற்றிற்று. அப்படியே உட்கார்ந்தாள். நடந்திருந்தால் அவன் குதித்திருப்பான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அவளால் நடக்க முடியவில்லை.

"எதுக்குடா?" என்றாள்.

அவளுக்குப் பின்னால், இக்கரையில் நின்ற தாமஸ் ஏதோ கத்தினான். அவள் கையைத் தூக்கிப் பொறுக்கச் சொன்னாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தாளு செத்துட்டானா மேடம்?" என்று கடைசியில் சைமன் கேட்டான்.

"சாகல."

"சும்மா காட்றதுக்குத்தான் எட்த்தேன். சட்டைய புட்சிக்கினு வுடவேயில்ல. நா இன்னா பண்ணுவேன், வுடலியே." அழுகையில் அவன் குரல் சின்னப்பையன் குரலாகிவிட்டது. போனை வாங்கி விற்கிற ஒருவன்தான் கூட்டிப் போனான், கத்தியும் அவன் கொடுத்ததுதான் என்றான். அட்ப்பாங்களா என்று கேட்டான்.

"நான் நடுவுல நிப்பேன்" என்றாள் ராமசெல்வி. "மத்தவங்க கைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. ஆனா நடுவுல நிப்பேன்."

அவன் கத்தியைக் கீழே எறியப்போனான்.

"சேத்துல போடாத. குழா மேல வை."

அந்த நேரத்திலும் தன் வாயிலிருந்து அது வந்ததை நினைத்து அவளுக்குப் பிறகு ஆச்சரியமாக இருந்தது. சைமனும் ஒரு கணம் அவளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். கத்தி கேஸுக்கு வேண்டும். அது சேற்றில் போனால் ரகுவீர் பக்கத்து நியாயம் பாதி போய்விடும். மொளகா மேடம் தனக்கு மட்டும் மேடம் இல்லை என்பது அவனுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். குனிந்து வைத்தான்.

குனிந்தபோது அக்கரைக் காவலர்களில் ஒருவன் பொறுமையிழந்து ஓடி வந்தான். குழாய் குலுங்கிற்று. சைமனுக்குக் கால் வழுக்கிற்று. ஒரு கையால் குழாயின் இரும்புப் பட்டையைப் பிடித்துத் தொங்கினான். ராமசெல்வி எப்படி அவனிடம் போனாள் என்று அவளுக்கே தெரியாது. குப்புறப் படுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தாமஸ் பின்னாலேயே வந்து இன்னொரு கையைப் பிடித்தான். இருவருமாக இழுத்துப் போட்டார்கள்.

மூச்சு வாங்க எழுந்த தாமஸ், எழுந்த வேகத்திலேயே கையை ஓங்கினான். ராமசெல்வி அந்தக் கையைப் பிடித்தாள்.

"சார், பையனுக்குப் பதினெட்டு ஆகல."

தாமஸ் அவளை முறைத்துப் பார்த்தான். அவன் கையில் பஞ்சு அவிழ்ந்து ரத்தம் லேசாக வந்துகொண்டிருந்தது. கையை இறக்கிக்கொண்டு, கத்தியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்தான். குப்பத்து வழியாக அவர்கள் சைமனை நடத்திக் கூட்டிப்போனார்கள். விலங்கு போடவில்லை. ராமசெல்வி வெறுங்காலோடு பக்கத்தில் நடந்தாள். ஜன்னல்களிலிருந்து குப்பமே பார்த்துக்கொண்டிருந்தது. சைமனின் அப்பா மட்டும் வேலைக்குப் போட்ட ஹெல்மெட்டோடு பின்னாலேயே வந்தார்.

சொன்னபடி ராமசெல்வி கூடவே இருந்தாள். பையனைச் சிறார்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் வைக்க உத்தரவாயிற்று. கூட்டிப் போனவனையும் தாமஸ் வண்ணாரப்பேட்டையில் வைத்துப் பிடித்தான். போன் கிடைத்தது. ராமசெல்விக்கு மெமோ கிடைத்தது. ரகசிய நடவடிக்கையை வெளியே சொன்னது, பொறுப்பற்ற நடத்தை. விசாரணையில் தாமஸ் அவளுக்குச் சாதகமாகவும் பேசவில்லை, விரோதமாகவும் பேசவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். ஒரு வருட இன்கிரிமென்ட் வெட்டு. மன்றத்துக்குப் பூட்டு.

பூட்டியிருந்த அந்த நாட்களில் அவள் மஜீதிடம் போய் ஜெரியின் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். எடுத்தார்கள். அதைச் சொல்லக் குப்பத்துக்குப் போனாள். மெர்லின் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டாள். தண்ணீரைப் பிழிந்து ஊற்றினாள்.

"காது வந்துருமா?"

"வராது" என்றாள் ராமசெல்வி.

மெர்லின் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. ராமசெல்வி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

சைமனைப் பார்க்கவும் போனாள். முதல் தடவை அவன் வெளியே வர மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த தடவை வந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த தடவை, மன்றத்துக்குப் பூட்டுப் போட்டாங்களாமே, என்னாலதானே என்று கேட்டான்.

பூட்டு சில மாதங்களில் திறந்தது. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களில் ஜெரி இருந்தான். சிறார் நீதி வாரியம் சைமனை நன்னடத்தை அதிகாரி கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்பியபோது, மன்றம் இவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமா என்று அவளைக் கேட்டார்கள். நான் சொல்ல முடியாது, பையன்களைக் கேட்க வேண்டும் என்றாள்.

கேட்டாள். நிலத்தில் பெரிய சண்டையாகிவிட்டது. அவனால்தான் எல்லோரும் அசிங்கப்பட்டோம், சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டில் நடக்க முடியவில்லை என்றான் ஒருவன். நம்ம பையன் என்றான் இன்னொருவன். ஜெரி எல்லோரும் ஓய்கிறவரை காத்திருந்தான். பிறகு சொன்னான், அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்.

"வர்ட்டும் மேடம். ஆனா மொதல்ல அந்த டிரைவராண்ட போய் நிக்கட்டும்."

ரகுவீரின் கால் போகவில்லை, ஆனால் பாதம் இழுத்துக்கொண்டது. வண்டி ஓட்ட முடியாது. மணலி பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் காவலுக்கு உட்காரவைத்திருந்தார்கள். ராமசெல்வி முதலில் தனியாகப் போய், பையன் வரலாமா என்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். உங்கள் முன்னால் வந்து நிற்கத்தான் என்றாள். அவர் வெகு நேரம் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் திரும்பக் கிடைத்தபோது அதிலிருந்த மகளின் படங்கள் எல்லாம் அழிந்திருந்ததைச் சொன்னார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நன்னடத்தை அதிகாரியிடம் சொல்லிவிட்டு அவளும் சைமனும் பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் அவன் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குத் தெரியாது என்றே அவளும் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு முன்னால் சைமன் நின்றான். கையைக் கட்டினான், அவிழ்த்தான். ரகுவீர் அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவன் இவ்வளவு சின்னப் பையன் என்று அவர் நினைத்திருக்கவில்லை போலும்.

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. ரகுவீர் எழுந்து, பாதத்தை இழுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார். கேட் கனமானது, தரையில் உராய்ந்து பாதியில் நின்றது. சைமன் ராமசெல்வியைப் பார்த்தான். அவன் போய் மறுபக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். லாரி உள்ளே போயிற்று. இருவரும் சேர்ந்து கேட்டைத் திரும்ப மூடினார்கள்.

"உட்கார்" என்றார் ரகுவீர், தனக்குத் தெரிந்த தமிழில், பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டி.